ஜான் கார்ப்பென்டரைக் கணக்கு நோட்டோடு படிப்பது எப்படி?

பேய்ப் படமோ சண்டைப் படமோ எடுக்கணும் என்று சாலிகிராமம் பக்கம் அலைகிற பிள்ளைகள் என் எடிட் ரூமுக்கு வந்தால் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். "அண்ணே, எந்தப் படத்தைப் பார்த்தா தொழில் கத்துக்கலாம்?" படத்தின் பெயரை நான் சொல்வதில்லை. ஒரு ஆளைச் சொல்வேன், அமெரிக்க இயக்குநர் ஜான் கார்ப்பென்டர். கூடவே நீள நோட்டு ஒன்றும் வாங்கி வரச் சொல்வேன்.

அவரைவிடப் பெரிய இயக்குநர்கள் இருக்கிறார்கள். ஆனால் 60 ஆயிரம் டாலரில் ஆரம்பித்து 5 கோடி டாலர் வரை எல்லா அளவுப் பணத்திலும் படம் எடுத்தவர், கதை, இயக்கம், இசை எல்லாவற்றிலும் கை வைத்தவர், திகிலும் அடிதடியும் இரண்டும் தெரிந்தவர், ஓகோவென்று ஓடியதும் படுத்ததும் இரண்டுமே கணக்கில் உள்ளவர் என்று பார்த்தால் இவர்தான் கைக்கு அகப்படுகிறார். அவர் வாழ்க்கை முழுவதையும் ஒரே நோட்டில் எழுதிவிடலாம்.

பேட்டிகளை முதலில் தேடிப் போகாதீர்கள். பேட்டியில் எல்லா டைரக்டரும் எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்திருப்பார். எவ்வளவு காசு, எத்தனை நாள், யார் சொல்படி என்பதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள். (நம்ம ஊரில் பட்ஜெட்டைச் சொல்வதே தனிக் கதை. அதை விடுங்கள்.)

நோட்டு போடுவது

நோட்டைக் குறுக்காகத் திருப்பிக் கோடு போடுங்கள். வருடம், பட்ஜெட், யார் காசு, யார் இசை, கடைசி எடிட் யார் கையில். இதற்கெல்லாம் சின்னக் கட்டம் போதும். மீதி இடம் மொத்தத்தையும் ஒரே கட்டமாக விட்டு, தலைப்பில் "என்ன இல்லை? அதுக்கு என்ன பண்ணார்?" என்று எழுதுங்கள். பாடம் முழுக்க இந்தக் கட்டத்தில்தான் வரும்.

முதல் வரியை நானே நிரப்பித் தருகிறேன். 'டார்க் ஸ்டார்', 1974. தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது டான் ஓபானன் என்ற நண்பரோடு மாணவர் படமாக ஆரம்பித்து, இழுத்து இழுத்து முழுநீளப் படமாக்கியது. சுமார் 60 ஆயிரம் டாலர். என்ன இல்லை? வேற்றுக்கிரக ஜந்து ஒன்று செய்யக் காசு இல்லை. என்ன பண்ணார்கள்? கடற்கரையில் குழந்தைகள் தட்டி விளையாடுகிற காற்றடைத்த பந்துக்கு வண்ணம் பூசி, அடியில் இரண்டு பாதம் ஒட்டி ஓடவிட்டார்கள். பந்தைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? அதனால் அந்தக் காட்சியைக் காமெடியாகவே எழுதிவிட்டார்கள். அதே ஓபானன் பிறகு, கப்பலுக்குள் ஜந்து நுழைகிற அதே சங்கதியைப் பயமாக எழுதினார். அது 1979இல் 'ஏலியன்' ஆக வந்தது. இப்படித்தான் ஒவ்வொரு வரியும் நிரம்ப வேண்டும்.

எந்த வரிசை

வெளியான வரிசையில் பார்க்காதீர்கள். முதல் சுற்றுக்கு ஐந்து படம் போதும்: 'ஹாலோவீன்', 'அசால்ட் ஆன் பிரிசிங்ட் 13', 'எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்', 'த திங்', 'தே லிவ்'. சின்னப் பணம் இரண்டு, நடுப்பணம் ஒன்று, பெரிய பணம் ஒன்று, மறுபடி சின்னப் பணம் ஒன்று. இந்த ஏற்ற இறக்கம் மனசில் பதிந்த பிறகு மற்றதைப் பார்த்தால்தான் எது எங்கே கெட்டது, எது எங்கே தப்பித்தது என்று புரியும்.

செல்போனில் பார்க்க வேண்டாம். இந்த ஐந்தும் அகலத்திரைப் படம். ஆபத்து எப்போதும் பிரேமின் ஓரத்தில் நிற்கும். பழைய டிவி பதிப்புகளில் இரண்டு பக்கமும் வெட்டியிருப்பார்கள், அதைத் தொடவே தொடாதீர்கள். மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். டிவியில் அசைவை வழவழப்பாக்குகிற செட்டிங் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் படம் சீரியல் மாதிரி ஆகிவிடும்.

'ஹாலோவீன்': மூன்று விதமாக

1978. முகமூடி போட்ட கொலைகாரன் ஒருவன் ஊருக்குள் திரிகிற கதை. சுமார் 3 லட்சம் டாலர். ஏறக்குறைய 20 நாள் ஷூட்டிங். உலகம் முழுக்கச் சேர்த்து 7 கோடி டாலர் வசூல் என்கிறார்கள். கார்ப்பென்டர் வாங்கிய சம்பளம் 10 ஆயிரம் டாலர், மேலே லாபத்தில் பங்கு. படத்தின் தலைப்புக்கு மேல் தன் பெயர் வர வேண்டும், உள்ளே யாரும் கை வைக்கக் கூடாது என்பது அவர் கேட்டது. சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு அவர் வாங்கியது என்ன என்று நோட்டில் தனியாக எழுதுங்கள்.

முதல் தடவை சாதாரணமாகப் பாருங்கள். பயப்படுங்கள், அது போதும்.

இரண்டாம் தடவை சத்தத்தை முழுசாக அணைத்துவிட்டுப் பாருங்கள். இதற்குக் கார்ப்பென்டரே ஒரு கதை சொல்லியிருக்கிறார். ஆர்.ஆர். (பின்னணி இசை) போடுவதற்கு முன்னால், சவுண்ட் எஃபெக்ட்ஸும் இல்லாமல், படத்தை ஒரு பெரிய ஸ்டுடியோவின் அதிகாரிக்குப் போட்டுக் காட்டினாராம். அந்தப் பெண்மணிக்குத் துளிகூடப் பயம் வரவில்லை. அதன் பிறகுதான் இசையால் இந்தப் படத்தைக் காப்பாற்றுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஊமைப் படமாக நீங்கள் பார்த்தால் அந்த அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி. ஒரு ஆள் வேலி ஓரம் நிற்கிறான், ஒரு பெண் நடந்து போகிறாள், வேறொன்றும் நடக்கவில்லை.

மூன்றாம் தடவை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு காதால் மட்டும். எங்கே மூச்சுச் சத்தம் வருகிறது, எங்கே பியானோ வந்து சட்டென்று நிற்கிறது, எங்கே ஒன்றுமே இல்லை என்று நேரத்தோடு குறியுங்கள். கடைசியில் காலி அறைகளும் காலி வீடுகளுமாக வரிசையாகச் சில ஷாட் வரும். படத்தில் ஆளே இல்லை, மூச்சு மட்டும் கேட்கும். அதைக் காதால் கேட்டுவிட்டுப் பிறகு கண்ணால் பாருங்கள்.

இனி நோட்டின் பெரிய கட்டம். கதை நடப்பது இல்லினாய் மாநிலத்து இலையுதிர் காலத்தில். ஷூட்டிங் நடந்தது கலிபோர்னியாவில், தெற்குப் பாசடீனா தெருக்களில், வசந்த காலத்தில். மரமெல்லாம் பச்சைப் பசேல். உதிர்ந்த இலைக்கு எங்கே போவது? செயற்கை இலைக்கு வண்ணம் பூசி மூட்டையில் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஷாட் முடிந்ததும் கூட்டி அள்ளி மூட்டை கட்டி அடுத்த தெருவில் மறுபடி கொட்டுவார்கள். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பின்னால் பனைமரம் எட்டிப் பார்ப்பது தெரியும், இல்லினாயில் ஏது பனைமரம்! யாருக்கும் அது உறுத்தவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் நாம் வேறொரு ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கொலைகாரனின் முகமூடி கடையில் 2 டாலருக்கும் குறைவாக வாங்கியது. 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கர்க் வேஷத்துக்காக, வில்லியம் ஷாட்னரின் முகத்தை வைத்துச் செய்த ரப்பர் முகமூடி. அதற்கு வெள்ளை அடித்து, கண் ஓட்டையைப் பெரிசாக வெட்டி, முடியைக் கலைத்துவிட்டவர் டாமி லீ வாலஸ். கலை வேலை பார்த்தவரும் அவரே, எடிட்டிங்கில் இருந்தவரும் அவரே. முகமூடிக்குள் பெரும்பாலும் இருந்தவர் கார்ப்பென்டரின் கல்லூரி நண்பர் நிக் கேஸில், நாளுக்கு 25 டாலர் கூலி. கேமராமுன் வந்து கத்தியை எடுக்கிற சிறுவனின் கை தயாரிப்பாளர் டெப்ரா ஹில்லுடையது. சின்ன யூனிட்டில் யாருக்குக் கை சின்னதோ அவர் கையை நீட்ட வேண்டியதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி கால்ஷீட். படத்தில் கொஞ்சமாவது பெயர் உள்ள ஒரே நடிகர் டொனால்ட் பிளசன்ஸ். அவருக்குக் கொடுக்க முடிந்தது 20 ஆயிரம் டாலர், கிடைத்தது ஐந்து நாள். ஆனால் படம் பார்க்கிறவனுக்கு அவர் தொடக்கத்திலிருந்து முடிவு வரை கூடவே இருக்கிற மாதிரிதான் தோன்றும். அவர் வருகிற இடங்களை எல்லாம் எழுதிப் பாருங்கள். காரில், கல்லறையில், டெலிபோன் பூத்தில், இருட்டில் புதர் ஓரத்தில். ஒவ்வொன்றையும் எத்தனை ஷாட்டில் முடித்திருக்கிறார்கள், எதிரில் யார் இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டால், ஒரு பெரிய நடிகரின் ஐந்து நாளைப் படம் முழுக்க எப்படித் தூவுவது என்று தெரிந்துவிடும். இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தர மாட்டார்கள்.

ஒரு ஷாட்டை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கதை உச்சத்தில் ஜேமி லீ கர்ட்டிஸ் கதவோரம் சாய்ந்து அழுதுகொண்டிருப்பார். பின்னால் அறை வாசல், கும்மிருட்டு. அந்த இருட்டில் வெள்ளை முகம் ஒன்று மெல்லத் தெளியும். ஆள் நகர்ந்து வரவில்லை, முதலிலிருந்தே அங்கேதான் நிற்கிறான். ஒளிப்பதிவாளர் டீன் கண்டி, முகமூடிப் பக்கம் சின்ன விளக்கு ஒன்றை வைத்து டிம்மரில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருக்கிறார். கிராபிக்ஸும் கிடையாது, எடிட்டும் கிடையாது. என்னைப் போன்ற எடிட்டர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டிய இடம். இந்தக் கண்டிதான் பின்னால் 'ஜுராசிக் பார்க்' ஒளிப்பதிவு செய்தவர்.

சண்டை: யார் எங்கே நிற்கிறான்?

'அசால்ட்' 1976இல் ஒரு லட்சம் டாலரில் எடுத்தது. மூடப்போகிற போலீஸ் ஸ்டேஷன், உள்ளே சில பேர், வெளியே கணக்கில்லாத ரவுடிக் கூட்டம். ஹோவர்ட் ஹாக்ஸ் எடுத்த 'ரியோ பிராவோ' என்ற கௌபாய்ப் படத்தின் மேல் இருந்த காதல்தான் இதன் வித்து. எடிட்டர் என்று டைட்டிலில் வருகிற ஜான் டி. சான்ஸ் என்பது அந்தப் படத்தில் ஜான் வெய்ன் ஏற்ற பாத்திரத்தின் பெயர். உண்மையில் வெட்டியவர் கார்ப்பென்டரே.

நோட்டுக் கட்டம்: கூட்டமாகக் காட்ட ஆளும் இல்லை, துப்பாக்கிச் சண்டைக்குப் பெரிய ஏற்பாடும் இல்லை. என்ன பண்ணார்? ரவுடிகளின் துப்பாக்கிக்கு சைலன்சர் மாட்டினார். முதல் தாக்குதல் காட்சியை நெருங்கிப் பாருங்கள். வெடிச் சத்தம் கிடையாது. மேசை மேல் இருக்கிற காகிதம் எல்லாம் தானாகப் பறக்கும், ஜன்னல் திரைப் பட்டைகள் துள்ளும், கண்ணாடி சிதறும். சுடுகிறவனைக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. பிறகு வெளியே எட்டிப் பார்த்தால் விழுந்த பிணங்களும் இல்லை, தெரு வெறிச்சோடிக் கிடக்கும். செலவும் மிச்சம், வயிற்றில் புளியும் கரையும். அடிதடிப் படத்துக்குள் பேய்ப் படம் நுழைகிற இடம் இதுதான். கார்ப்பென்டரிடம் இந்த இரண்டு வகைக்கும் நடுவில் சுவர் கிடையாது. அடைபட்ட ஒரு இடம், வெளியே முகம் தெரியாத ஆபத்து. அதுவே போலீஸ் ஸ்டேஷன், அதுவே பக்கத்து வீடு, அதுவே அண்டார்க்டிகா முகாம்.

இந்தப் படம் அமெரிக்காவில் பெரிதாகக் கண்டுகொள்ளப்படவில்லை. 1977இல் லண்டன் திரைப்பட விழாவில்தான் கைதட்டல் வாங்கியது. அதை இங்கிலாந்தில் வெளியிட்ட விநியோகஸ்தரின் பெயர் மைக்கேல் மையர்ஸ். அடுத்த படமான 'ஹாலோவீன்' கொலைகாரனுக்கு நன்றிக்கடனாக அந்தப் பெயரையே வைத்துவிட்டார் கார்ப்பென்டர். நன்றியைக் காட்ட எத்தனையோ வழி.

'எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்' 1981இல், 60 லட்சம் டாலரில். நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவு முழுவதும் சிறைச்சாலை ஆகிவிட்டது என்று கதை. அந்தக் காசில் நியூயார்க்கைப் பாழாக்கிக் காட்ட முடியாது. ஏற்கெனவே தீப்பிடித்துப் பாழான பகுதி உள்ள செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போய்விட்டார்கள். இரவில் தெருத்தெருவாக விளக்கை அணைத்துத் தந்தது நகர நிர்வாகம். ஹீரோ ஸ்னேக் பிளிஸ்கன் கிளைடரில் இறங்கும்போது திரையில் பச்சைக் கோடுகளாக நகரம் தெரியும். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அப்போது அதன் விலைக்கு இவர்களால் போக முடியாது. சின்னச் சின்னக் கட்டட மாடல்களுக்குக் கறுப்பு அடித்து, விளிம்பில் ஒளிரும் பட்டையை ஒட்டி, அதன் மேல் கேமராவை ஓட்டினார்கள். அந்தப் படத்தின் பின்னணி ஓவிய வேலையில் ஜேம்ஸ் கேமரூன் என்ற இளைஞரும் இருந்தார்.

ஸ்னேக்காக நடித்தது கர்ட் ரஸல். தயாரிப்பாளர்கள் வேறு பெரிய பெயர்களைத்தான் கேட்டார்கள். இரண்டு வருஷம் முன்னால் 'எல்விஸ்' என்ற டிவி படத்தில் இவரை வைத்து வேலை வாங்கியிருந்ததால் கார்ப்பென்டர் விடாப்பிடியாக நின்றார். மொத்தம் ஐந்து படம் இருவரும் சேர்ந்து செய்தார்கள்.

இனி 'தே லிவ்' சந்துச் சண்டை. 1988. மல்யுத்த வீரர் ராடி பைப்பரும் கீத் டேவிடும். ஐந்து நிமிஷத்துக்கும் மேல். காரணம்? கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொள் என்கிறான் ஒருவன், மாட்டேன் என்கிறான் மற்றவன். அவ்வளவுதான். இருவரும் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்துச் செய்தது. நான் பிள்ளைகளிடம் சொல்வது இது: ஒரு வெள்ளைத் தாளில் அந்தச் சந்து முழுவதையும் மேலிருந்து பார்க்கிற மாதிரி வரையுங்கள். கார் எங்கே, குப்பைத்தொட்டி எங்கே, கண்ணாடி எங்கே விழுந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு பேர் நிற்கிற இடத்தில் புள்ளி வையுங்கள். ஐந்து நிமிஷமும் புள்ளி தடுமாறாது. இப்போது சமீபத்தில் வந்த ஏதாவது ஒரு சண்டைக் காட்சிக்கு இதே மாதிரி வரைந்து பாருங்கள். பத்து வெட்டுக்குள் பென்சிலைக் கீழே வைத்துவிடுவீர்கள்.

'த திங்': தோல்வியைப் படிப்பது

இதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். அண்டார்க்டிகா முகாமுக்குள், ஆட்களைப் போலவே உருவெடுக்கிற வேற்றுக்கிரக ஜந்து புகுந்துவிடுகிற கதை. 1.5 கோடி டாலர், யுனிவர்சல் ஸ்டுடியோ காசு. இசை கார்ப்பென்டர் இல்லை, என்னியோ மொரிகோனே. ஜந்துகளை உருவாக்கியவர் ராப் பாட்டின், அப்போது 22 வயதுதான். ராப்பகலாக வேலை பார்த்துக் கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்தார். நாய்க்கூண்டுக் காட்சியின் ஜந்துவை ஸ்டான் வின்ஸ்டன் குழு செய்து கொடுக்க வேண்டியதாயிற்று.

மார்பைப் பிளந்து கையைக் கடிக்கிற காட்சி எல்லோருக்கும் தெரியும். டாக்டர் அழுத்த அழுத்த, நெஞ்சு வாயாகத் திறந்து இரண்டு முழங்கையையும் துண்டித்துவிடும். நிஜத்தில் இரண்டு கையும் இல்லாத ஒருவருக்குச் செயற்கைக் கை மாட்டி, டாக்டரின் முகம் மாதிரி முகமூடி போட்டு எடுத்தது. ஒரு கணம்தான் அந்த ஷாட் இருக்கும். அதற்கு முந்தைய ஷாட்டிலும் பிந்தைய ஷாட்டிலும் கேமரா எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று குறியுங்கள்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவது, யார் ஜந்து என்று கண்டுபிடிக்கிற ரத்தச் சோதனைக் காட்சி. சோபாவில் வரிசையாகக் கட்டிவைத்த ஆட்கள், தட்டில் ரத்தம், சூடேற்றிய கம்பி. இதில் பெரிய செலவே இல்லை. ஒவ்வொரு தட்டிலும் கம்பி இறங்கும்போது பிரேமில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று எழுதுங்கள். நம்மை ஒரு ஆளைச் சந்தேகப்பட வைத்துவிட்டு, அவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே, கவனிக்காத தட்டில் வெடி வைக்கிறார். 1.5 கோடி டாலர் படத்திலும் உயிரான இடத்தை எடுத்தது ஒரு லட்சம் டாலர் படத்தின் மூளைதான்.

படம் வெளியானது 1982 ஜூன் 25. இரண்டு வாரத்துக்கு முன் 'இ.டி.' வந்து ஊரே அன்பான வேற்றுக்கிரகவாசிக்காக அழுதுகொண்டிருந்தது. அதே ஜூன் 25இல் 'பிளேட் ரன்னர்' வேறு. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அமெரிக்காவில் 2 கோடி டாலரைக்கூடத் தொடவில்லை. கார்ப்பென்டர் கையில் இருந்த 'ஃபயர்ஸ்டார்ட்டர்' படம் பறிபோனது. மோசமான இசைக்கான கேலி விருதுக்கு மொரிகோனேயின் பெயர் போனது. இந்தப் படத்துக்காக அவர் எழுதிப் பயன்படாமல் கிடந்த இசைத் துண்டுகள் பிறகு 2015இல் 'த ஹேட்ஃபுல் எய்ட்' படத்தில் இடம்பெற, அந்தப் படத்தின் இசைக்கு ஆஸ்கர் கிடைத்தது. வீடியோ கேசட்டும் டிவியும் வந்த பிறகு 'த திங்' மெல்ல மெல்ல ஏறி, இன்று அவருடைய ஆகச்சிறந்த படம் என்கிறார்கள். நல்ல படம் எப்படியும் ஜெயிக்கும் என்று நோட்டில் எழுதிவிடாதீர்கள். அந்த வருஷம் அவருக்கு வேலை போயிற்று என்று எழுதுங்கள்.

கூலிக்குச் செய்ததும், திரும்பி வந்ததும்

வேலை போனவர் என்ன செய்தார்? வந்த வேலையை ஒழுங்காகச் செய்தார். 'கிறிஸ்டீன்', 1983. ஸ்டீஃபன் கிங் நாவல், பேய் பிடித்த 1958 பிளிமத் கார். மனசுக்கு நெருக்கமான படம் இல்லை, வேலை தேவைப்பட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். இருந்தாலும் நொறுங்கிய கார் தானாகச் சரியாகிற காட்சியைப் பாருங்கள். காருக்குள் ஹைட்ராலிக் பம்பு வைத்துத் தகட்டை உள்பக்கமாக இழுத்து நசுக்கி, அதை எடுத்துப் பின்னோக்கி ஓட்டியது. பிடிக்காத வேலையில் எவ்வளவு கவனம் வைக்கலாம் என்பதற்கு இதைத்தான் காட்டுவேன். அடுத்த வருஷம் 'ஸ்டார்மேன்', காதல் கதை. ஜெஃப் பிரிட்ஜஸுக்கு ஆஸ்கர் பரிந்துரை வாங்கித் தந்தது.

1986இல் 'பிக் ட்ரபிள் இன் லிட்டில் சைனா'. இன்று பார்த்தால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஹீரோ என்று நினைக்கிறவன் உண்மையில் எடுபிடி, அது அவனுக்கே தெரியாது. ஸ்டுடியோவுக்கும் அது புரியவில்லை. படம் போட்ட காசை எடுக்கவில்லை. இதற்குப் பிறகு அவர் எடுத்த முடிவுதான் இந்த நோட்டின் நடுப்பக்கம். படத்துக்கு 30 லட்சம் டாலர் போல, ஆனால் உள்ளே யாரும் தலையிட மாட்டார்கள் என்று ஒரு சின்னக் கம்பெனியோடு ஒப்பந்தம். அதில் வந்தவைதான் 'பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்' 1987இல், 'தே லிவ்' 1988இல். 2 கோடி டாலர் படத்திலிருந்து 30 லட்சத்துக்கு இறங்குவதை நம்ம ஆட்கள் வீழ்ச்சி என்பார்கள். 'தே லிவ்' வெளியான வாரம் அமெரிக்க வசூலில் முதல் இடம்.

90களை வேகமாகக் கடக்கலாம். 1992இல் ஒரு ஸ்டுடியோ படம், 'மெமாய்ர்ஸ் ஆஃப் ஆன் இன்விசிபிள் மேன்'. வழக்கமாகத் தலைப்புக்கு மேல் வருகிற அவர் பெயர் அதில் இல்லை. அதுவே போதும், உள்ளே என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துகொள்ளலாம். 'இன் த மவுத் ஆஃப் மேட்னஸ்' மட்டும் தவறவிடாதீர்கள். 1996இல் 5 கோடி டாலரில் எடுத்த 'எஸ்கேப் ஃப்ரம் எல்.ஏ.' படத்தில் கர்ட் ரஸல் அலைச்சறுக்கு போகிற கிராபிக்ஸைப் பார்த்துவிட்டு, 1981இன் பச்சைக் கோட்டு நகரத்தை ஒரு தரம் போட்டுப் பாருங்கள். 2001இல் 'கோஸ்ட்ஸ் ஆஃப் மார்ஸ்' படுத்ததும் களைத்துப்போய் ஒதுங்கிக்கொண்டார். 2010இல் 'த வார்ட்' ஒன்று. நேரம் இல்லையென்றால் அதை விட்டுவிடலாம்.

ஆர்.ஆர். பாடம்

கென்டக்கி மாநிலத்து பௌலிங் கிரீன் ஊரில் வளர்ந்தவர், அப்பா இசைப் பேராசிரியர். சின்ன வயதில் அப்பா பாங்கோஸ் தட்டி, ஐந்து ஐந்தாக எண்ணுகிற 5/4 தாளம் சொல்லிக் கொடுத்தாராம். 'ஹாலோவீன்' பியானோ அந்த ஐந்துதான். நம் கண்ட நடை காதுக்குப் பழகிப்போனவர்கள் தொடையில் தட்டிப் பாருங்கள், நாலு என்று எதிர்பார்க்கிற இடத்தில் ஒன்று கூடுதலாக வந்து காலை வாரும். மொத்த ஆர்.ஆரும் மூன்று நாளில் முடித்தது. ஆர்கெஸ்ட்ரா வைக்கக் காசு இல்லாததால்தான் சிந்தசைசர். டைட்டிலில் மட்டும் 'பௌலிங் கிரீன் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா' என்று குறும்பாகப் போட்டிருப்பார். அப்படி ஒன்று அந்தப் படத்துக்கு வாசிக்கவே இல்லை.

இல்லாமையால் பிறந்த அந்த இசைதான் படம் எடுப்பதிலிருந்து ஒதுங்கிய பிறகும் அவருக்குச் சோறு போட்டது. 2015இல் 'லாஸ்ட் தீம்ஸ்' ஆல்பம், அடுத்த வருஷம் மேடைக் கச்சேரிகள், 2018இல் புதிய 'ஹாலோவீன்' படத்துக்கு மகன் கோடியோடும் டேனியல் டேவிஸோடும் சேர்ந்து இசை. பழைய படங்களை மற்றவர்கள் திரும்ப எடுக்கும்போதும் அவருக்குப் பணம் வந்தது, அதை அவர் மறைத்ததே இல்லை. நோட்டில் "உரிமை" என்று ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது அந்தக் கட்டத்தை எடுத்துப் பாருங்கள்.

நீங்கள் எடுக்க வேண்டியது

இவ்வளவும் பார்த்த பிறகு மூன்று நிமிஷப் படம் ஒன்று எடுங்கள். ஒரே வீடு, இரண்டு பேர், வெளியே ஒரு ஆள். பேச்சு கூடாது, ரத்தம் கூடாது, ராத்திரியாக இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. செல்போன் போதும், ஆனால் திரையில் மேலும் கீழும் கறுப்பு டேப் ஒட்டி அகலமாக்கிக்கொண்டு பிரேம் வையுங்கள். வெளியே இருக்கிற ஆள் பிரேமின் ஓரத்தில்தான் வரலாம், நடுவில் வரக் கூடாது. ஷூட்டிங்குக்கு முன் வீட்டை மேலிருந்து வரைந்து, மூன்று பேரின் புள்ளியையும் ஷாட் ஷாட்டாக வைத்துக்கொள்ளுங்கள். இசைக்கு ஒரு விரலால் வாசிக்க முடிகிற நாலைந்து சுரம், அதற்கு மேல் வேண்டாம்.

எடிட் முடிந்ததும் சத்தமில்லாமல் ஒருவருக்கு, சத்தத்தோடு வேறொருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். எப்படி இருக்கு என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு நல்லா இருக்கு என்பார்கள். பேனாவையும் வெள்ளைத் தாளையும் கொடுத்து, "வீடு எப்படி இருந்துச்சு, அந்த ஆள் எங்கெங்க நின்னான், வரைஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். அவர்கள் வரைந்ததும் உங்கள் தாளும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாத ஷாட்டுகளை மட்டும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்ப எடுத்தால் போதும்.